பீர்க் கோப்பையில் மோர்

ஆம்பூர் ஷூ ஜெர்மனிக்குப் போகிறது. ஜெர்மன் ஓட்டல்தான் ஆம்பூருக்கு வந்தபாடில்லை. அங்கிருந்து வந்தவை தடைகள்: 1989-இல் தோலில் பூஞ்சை தடுக்கும் பென்டாகுளோரோபீனால் கூடாது, 1994-இல் அசோ சாயம் கூடாது. தோலுக்கே ஜாதகம் கேட்கும் சம்பந்தி!

வராத ஓட்டல் மூடவும் வழியில்லை. ஆகவே மூடிய ஓட்டலை நினைத்து உருகவேண்டுமென்றால் சென்னையைத்தான் கடன் வாங்குகிறோம். கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 1962-இல் திறந்து 2008-இல் மூடியது. கார்க் கதவில் மாட்டிய தட்டு, அதில் தோசை, சாம்பார் சிந்தினால் சீட்டுக்குத்தான் சேதம். அமெரிக்க யோசனை, உடுப்பிக் கைமணம். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. செவிக்கு உணவு போதும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

நம் ஆம்பூரில் ஜெர்மன் ஓட்டல் வந்திருந்தாலும் மூன்றாம் நாளே பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, பீர்க் கோப்பையில் மோர்.