அறிவிப்பு வெலையும் மைனஸும்

வா கண்ணு, இந்த பெஞ்சுல உக்காரு. சட்டைய அத்தன தடவ இழுத்து வுட்டுக்காத, பொண்ணு பார்க்கவா போற? கூடப் படிச்ச பசங்களப் பார்க்கத்தான போற. ராத்திரி தலைக்கு மை பூசுனது இந்த அப்புச்சிக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத. என்ற துண்டுலதான் தொடச்சு வச்சிருக்கற.

கோழிப்பண்ணைய வித்துப்போட்டு, உங்கம்மா ஊட்டோட இந்த சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்ததுல இருந்து எனக்கு இதுதான் பொழப்பு. ஒரு டீ, இந்த ரவுண்டானா. ஏற்காட்டுக்குப் போறவன் பெரும்பாலும் இந்த வழிலதான் போவான். சனிக்கிழமையானா பேனர் கட்டுன வேன் ஒன்னு ரெண்டு நிக்கும், இன்ன வருசத்து பேட்ச்சுன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கும். எறங்கறது பூராவும் தொப்பை. ஒருத்தன ஒருத்தன் கட்டிப் புடிக்கறாங்க. வயிறு முட்டுது, நெஞ்சு போய்ச் சேரமாட்டீங்குது.

மேல போறதுக்குள்ள இருவது கொண்டை ஊசி வளைவு. என்ன நடக்கும்னு இங்கிருந்தே சொல்றேன் கேட்டுக்க. மொத வளைவுல வேலை. அஞ்சாவதுல ஊடு எத்தன சதுரம். பத்தாவதுல புள்ளைக எந்த ஸ்கூலு. பதினஞ்சாவதுல, "டேய், உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலியா?" இருவதாவதுல ஆராச்சும் ஒருத்தன் வாந்தி எடுப்பான். அந்த ஒருத்தன்தான் உள்ள இருக்கறத வெளிய கொட்டுனவன். மத்தவனெல்லாம் முழுங்கிக்கிட்டே மேல போயிருவான்.

சிரிக்காத. நான் முப்பது வருசம் முட்டைக்கோழி வளர்த்தவன், எனக்கு இந்தக் கணக்கு தெரியும். 1982-ல தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுன்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. பொறவு அவங்க நாமக்கல் மண்டலத்துக்குச் சொல்றதுதான் வெல. பேப்பர்ல வரும், டிவியில வரும். படிக்கறவன், பண்ணக்காரன் மடியில அத்தனயும் அப்படியே வந்து வுழுகுதுன்னு நெனச்சுக்குவான். வண்டி கொண்டாற யாவாரி வருவான், "அறிவிப்புல இத்தன பைசா மைனஸுங்க"ம்பான். குடுக்கலைன்னா முட்டை பண்ணையிலயே கெடக்கும். ஊருக்குத் தெரியறது அறிவிப்பு வெல. ஊட்டுக்கு வர்றது மைனஸ் போக மிச்சம்.

இன்னிக்கு வேன்ல நீ கேக்கப் போறது அத்தனயும் அறிவிப்பு வெலதான் சாமி. டாலஸ்ல ஊடு வாங்கிட்டேம்பான் ஒருத்தன். அப்பன் செத்ததுக்கு வர முடியாம, கொள்ளி வைக்கறத போன்ல பார்த்து அழுதது மைனஸ். சொந்தமா ஆஸ்பத்திரி கட்டிட்டேம்பான் இன்னொருத்தன். பேங்குக்காரன் போன் வந்தா எந்திரிச்சுத் தூரப் போய்ப் பேசறானா பாரு, அது மைனஸ். திருச்செங்கோட்டுக்காரன் நாலு ரிக்கு வண்டி ஓடுதும்பான். அதுல ரெண்டு, தெரியாத சீமையில போர் போட்டுக் காசு வராம நிக்குது. பெங்களூருல டீம் லீடும்பான் ஒருத்தன், அது நீ. உன்ற மைனஸ இங்க சொல்ல மாட்டேன், உங்கம்மா காய் வாங்க இந்தப் பக்கந்தான் வருவா.

தப்பு உங்க மேலயும் இல்ல. உங்கள வளர்த்த வளர்ப்பு அப்படி. பிளஸ் டூ படிக்க உன்னய நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல கொண்டு போய் வுட்டமே, நெனப்பிருக்குதா? கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தா ஒழுங்கா முட்டை வுடும். உங்களுக்கு வெடிகாலம் நாலரைக்குப் போட்ட லைட்ட ராத்திரி பதினொன்னுக்குத்தான் நிறுத்துனாங்க. கணக்குப் போட்டேன், பதினெட்டரை. என்ற கோழி உன்னவிட ரெண்டரை மணி நேரம் சேத்தித் தூங்கியிருக்குது. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை உங்கம்மாயி புளிசாதம் கட்டிக்கிட்டு வந்து, கேட்டுக்கு வெளிய வரிசையில நிப்பா. இதா, இந்த அஸ்தம்பட்டி சென்ட்ரல் ஜெயிலுக்கு மனு பார்க்க வர்ற சனங்களப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு அவ நெனப்புத்தான் வருது.

ரெண்டு வருசமும் பன்னெண்டாங்கிளாஸ் புக்கையே உருட்டுனீங்க. பதினொன்னாவது புக்கு அட்டை கசங்காம கெடந்துது. இப்ப ஒரு பத்து வருசம் முன்னால கவருமெண்டுக்கே பொறுக்கல. 2017-ல ரேங்க் அறிவிக்கறத நிறுத்துனாங்க. அடுத்த வருசமே பதினொன்னாவதுக்கும் பொதுப் பரிச்ச வச்சு அந்தப் புக்கத் தொறக்க வச்சாங்க. 1200 மார்க்கு 600 ஆயிப்போச்சு. கவருமெண்டு வுட்டாலும் நீங்க வுடலியே கண்ணு! அன்னிக்கு 1200-க்கு எத்தனன்னு கேட்டவனுக, இன்னிக்கு வருசத்துக்கு எத்தன லட்சம்னு கேக்கறானுக. அதே பரிச்ச, பேப்பர் திருத்தறவன்தான் மாறியிருக்கறான்.

நீங்க மட்டும்னு நெனக்காத. மேல மலையில பெரிய எடத்துப் பள்ளிக்கூடம் இருக்குது. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-ல வந்தது, மான்ட்போர்ட் 1917-ல. மான்ட்போர்ட்லதான் சசி தரூர் படிச்சாரு, நடிகர் விக்ரமும் படிச்சாரு. அவங்க கூடப் படிச்சவங்க பாட்ட ரோசன பண்ணிப் பாரு. என்னதான் சம்பாரிச்சு நிமிந்தாலும், ஊர்ல கேக்கறது "விக்ரம் கூடவா படிச்சீங்க?"ங்கறதுதான். அந்த விக்ரமுக்கு மொதப் படம் 1990-ல வந்துது. "சேது" வந்தது 1999-ல. நடுவுல ஒம்பது வருசம் பெருசாப் பேர் சொல்ற படம் அமையல. அந்த ஒம்பது வருசத்துல நீயும் நானும் எதுர்ல வந்திருந்தா, நின்னு பேசியிருப்பமா?

கேள்வி உனக்குத்தான். பதில் சொல்லாத, டீயக் குடி.

இப்ப புத்தி சொல்றேன், காசு வேணாம். அடுத்தவன் மைனஸக் கேக்காத, அது அவன் மடியில கை வைக்கற மாதிரி. உன்ற மைனஸ மொதல்ல நீ எடுத்து வையி. "எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குதுடா, மாத்திரை போடறேன்"னு ஒரு வளைவுல சொல்லிப் பாரு. அடுத்த வளைவுக்குள்ள டாலஸ்காரன் அப்பனப் பத்திப் பேசலைன்னா, என்ற பேர மாத்திக்கறேன். பார்க்காத அப்படி. மாத்திரை அட்டைய நீ பையில வச்சா, நான் கண்ண மூடிக்கிட்டா இருப்பேன்?

அப்பறம் இன்னொன்னு. ஹாஸ்டல்ல உன்ற கட்டிலுக்கு மேக்கட்டில்ல படுத்தவன் எங்க? பாதி ராத்திரியில சொவரேறிக் குதிச்சு, "சேது" மாதிரி மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து நின்னானே, அவன்தான். நூத்துக்கு நூறு ரிசல்ட்டு கெட்டுப்போகும்னு, பரிச்சைக்கு முன்னால டிசியக் கையில குடுத்து அனுப்புனாங்க. உங்க லிஸ்ட்டுல அவன் இல்ல. பாஸ் பண்ணாதவன் பேட்ச்சுல வரமாட்டானாக்கும்?

அவன்தான் கண்ணு எங்கிட்ட ஏழு வருசம் முட்டை எடுத்த யாவாரி. மைனஸ் போட்டவனும் அவனே. ஒரு அட்டைக்குக் கூடத் தாட்சண்யம் பார்க்க மாட்டான். காச எண்ணிக் குடுத்துட்டு, வண்டியேறப் போறப்ப, "உங்க பேரன் எப்படீங்க இருக்கறான்?"னு கேக்காமப் போனதில்ல. பெங்களூருல பெரிய வேலை, சொந்த பிளாட்டுன்னு நான் அடுக்குவேன். சிரிச்சுக்கிட்டே, "அது அறிவிப்பு வெலைங்க அப்புச்சி, மைனஸ் எத்தன?"ம்பான். நான் பேசாம இருந்துக்குவேன்.

எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு மொறைக்காத. ஏழு வருசத்துல ஒரு தரமாச்சும் அவன நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நம்பர் என்ற போன்ல முட்டைக்காரன்னு இருக்குது. எடுத்துக் கூப்புடு. முட்டை லோடு எறக்கிட்டு இன்னேரம் அஞ்சு ரோட்டுப் பக்கந்தான் நிப்பான்.

வேன் வந்துருச்சு பாரு. எத்தன தொப்பை! எந்திரி, எந்திரி. டீக்காசக் குடுத்துட்டுப் போ. ரெண்டு டீயிக்கும் அறிவிப்பு வெலையே குடு, மைனஸ் போட்டுறாத.