எந்த ஊர் ‘நீ’?

ஸ்பானியம் படிக்க வருபவர் முதலில் மிரள்வது நாக்கை உருட்டும் ‘ர்ர்’ ஒலிக்கு. அது பழகப் பழகப் படிந்துவிடும், படியாதது ‘நீ’தான்.

மாட்ரிட் பாடநூலை நம்பி பன்மை ‘நீங்க’ளான ‘வோசோத்ரோஸ்’ வினைகளை உருப்போட்டவர் மெக்சிகோவில் இறங்கினால் அத்தனை உழைப்பும் வீண். அங்கே பன்மைக்கு ‘உஸ்தேதெஸ்’ ஒன்றே போதும். புவனோஸ் ஐரிஸில் ஒருமை ‘நீ’யான ‘தூ’ ஒதுங்க, ‘வோஸ்’ தனி விகுதிகளோடு வந்து உட்காரும். பொகோட்டாவிலோ மரியாதைச் சொல்லான ‘உஸ்தெத்’ உற்ற நண்பனுக்கும் உண்டு.

பரிகாரம்: யாரோடு பேசப்போகிறோம் என்று முடிவுசெய்து, அந்த நாட்டு வானொலியைக் கேட்பது.

ஸ்பானிய மொழி அகாதமிகளும் இரங்காமலில்லை. 2010இல் இரண்டு கூட்டெழுத்துகளை அரிச்சுவடியிலிருந்து நீக்கி, 27 எழுத்துகளாகச் சுருக்கின. வினை விகுதிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.