முகத்துவாரத்து மணல்

அம்பாறைக் கரையில் ஒலுவில் துறைமுகத்தை 2013இல் திறந்தார்கள். கொஞ்சக் காலத்தில் அதன் வாயை மணல் மூடிவிட்டது. தோண்டினார்கள், மறுகா மூடியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் வயிற்றைத் தடவிக்கொள்வேன். எங்கள் இருவர் கதையும் ஒன்றுதான்.

என் தோண்டல் குரக்கன் பிட்டில் தொடங்கியது. மூன்று மாதம் சோறில்லை, தேத்தண்ணிக்குச் சீனியில்லை. பாமசித் தராசில் 92 கிலோ காட்டியவன் 81க்கு இறங்கினேன். கண்டவரெல்லாம் "என்ன, சுகமில்லையா?" என்றார்கள்.

அதைவிடப் பெரிய சோதனை வீட்டில். எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பான். அவன் மெலிந்தால் ஊர் மாமியைத்தான் கேட்கும். மாமி என்னிடம் நேரே எதுவும் பேசமாட்டார். அடுக்களையில் நின்று, எனக்குக் கேட்கும் சத்தத்தில் மகளிடம், "புள்ள, மாப்பிள்ளைக்கு நம்மட சோறு புடிக்கல்லயாமா?" என்பார்.

பிறகு ஒரு கலியாண வீடு. சஹன் என்ற பொதுத் தட்டைச் சுற்றி ஆறு பேர். நான் என் பக்கத்தில் சின்னக் குழி பறித்து, இவ்வளவுதான் என்று மனத்துக்குள் எல்லை போட்டேன். பறிக்கப் பறிக்க மேலேயிருந்து சோறு சரிந்து வந்தது. பக்கத்திலிருந்தவர், "எடுங்க மச்சான்" என்று இறைச்சித் துண்டை என் குழிக்குள் தள்ளினார். ஆறு பேர் தட்டில் கலோரிக் கணக்கு எழுதுகிறவன் இன்னும் பிறக்கவில்லை.

ஒரு வருடத்தில் 94. மனவுறுதியில்லாதவன் என்று என்னையே ஏசிக்கொண்டேன். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டிக்காரர் 14 பேரைப் பற்றி 2016இல் வந்த ஆய்வை வாசித்த பிறகுதான் மூச்சு வந்தது. போட்டி முடிந்து ஆறு வருடத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் எடை திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிப்பது, அந்தப் பருமனுக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி அளவில் குறைந்திருந்ததாம். உடம்புக்கு டயட் என்றால் என்ன தெரியும்? அம்பாறை வயலெல்லாம் காய்ந்துவிட்டது என்று எண்ணி அடுப்பைத் தணித்துவிடுகிறது.

இப்போது தராசில் ஏறுவதில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு வெளிச்சவீட்டுப் பக்கம் நடக்கிறேன். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நேற்று வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்ததும் அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது:

"புள்ள, மாப்பிள்ளை களைச்சு வந்திரிக்கார். தயிரும் கித்துள் பாணியும் வை!"