பத்திரத்தில் முடியாத பந்தம்

கேள்வி: நானும் கணவரும் மனமொத்துப் பிரிய முடிவெடுத்துவிட்டோம். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாதா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: போதாது அம்மா. பத்திரத்தில் வீட்டை விற்கலாம், கல்யாணத்தை முடிக்க முடியாது. நோட்டரி முத்திரை எத்தனை விழுந்தாலும் நீங்கள் சட்டப்படி தம்பதிதான். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகு இருவரும் சேர்ந்து குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்சம், நகை, குழந்தை யாரிடம் என்பதையெல்லாம் மனுவிலேயே எழுதிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பித்தான் எத்தனையோ பெண்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.