ரிங்கைக் குறைத்த மகராசன்

வா தம்பி. பழைய மாடியை இடிச்சு, அந்தக் காங்கிரீட்டையே ஒடைச்சு ஜல்லியாக்கி, புது வூட்டுக்குப் பீம் போடப் போறியாமே? பேஷ். பண்ருட்டிக்காரன் பலாக்கொட்டையையே வீணாக்க மாட்டான், காங்கிரீட்டை விடுவானா! கூச்சப்படாத. நீ வாங்கற பி.பி.சி. சிமெண்டு மூட்டையிலயே 15-லேர்ந்து 35 சதவீதம் வரைக்கும் அனல்மின் நிலையச் சாம்பல்தான். நெய்வேலி பக்கத்துல இருந்துகிட்டு சாம்பலைப் பாத்து மொகஞ்சுளிச்சா ஊரு சிரிக்கும்.

சட்டமும் உன் பக்கம். கம்பி கட்டின காங்கிரீட்டுல எம்25 தரம் வரைக்கும், ஜல்லியில 20 சதவீதம் இந்தப் பழசைக் கலக்கலாம்னு 2016-ல வந்த இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 சொல்லுது. செங்கல், ஓடு கலந்த இடிபாடு மட்டும் கம்பி வேலைக்கு ஆகாது. நீ 20-ஐ 80-ன்னு படிச்சிருப்ப. கண்ணு டாக்டரைப் பாரு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். பீம் நடுவுல தொய்ஞ்சா விரிசல் காட்டி ஆளை எச்சரிக்கும். அது மரியாதை தெரிஞ்ச சாவு. என்ஜினியருங்க ‘ஷியர்’னு சொல்றது அப்படியில்ல. தூணோரமா கோணையா ஒரு கீறு விழும், அப்புறம் படார்! அந்தக் கீறலுக்கு ரெண்டு பக்கமும் ஜல்லி முனைங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துகிட்டு நழுவ விடாமப் புடிக்கும். பழைய ஜல்லி மேல, சுளையை விடாத சக்கை மாதிரி பழைய காரை ஒட்டிக் கெடக்கும். கலவைத் தண்ணியையும் குடிச்சுடும். கீறல் கல்லைச் சுத்திப் போகாம அந்தக் காரையை அறுத்துகிட்டுப் போனா, புடிமானம் வழுக்கிடும்.

அப்ப தாங்கறது பீமோட நீளக் கம்பிங்களைச் சுத்திக் கட்டற ரிங்கு. அதைத்தான் நீ, “உள்ளதானே இருக்கு, எவன் பாக்கப் போறான்”னு ஒன்றரை அடிக்கு ஒண்ணு கட்டச் சொன்னியாம். சாமர்த்தியம்! ரிங் இடைவெளி பீமோட பயன் ஆழத்துல, அதாவது மேல் விளிம்புலேர்ந்து கீழ்க்கம்பி நடு வரைக்கும் உள்ள ஆழத்துல, முக்காலைத் தாண்டக் கூடாது, எப்படியும் 300 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. பயன் ஆழம் 270 மில்லிமீட்டர்னா ஏறக்குறைய எட்டு அங்குலந்தான். அது உச்ச வரம்பு. தூணோரத்துல கணக்கு இன்னும் நெருக்கமாக் கேக்கலாம். மிச்சம் புடிச்ச காசுல வாசலுக்குத் தேக்குக் கதவு போடு. கூரை போனாலும் கதவு நிக்கும், வர்றவங்க தட்டிட்டு வருவாங்க.

பழைய ஜல்லி மேல பழி போடாத. காங்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி என்ஜினியரைக் கூட்டிட்டு வந்து, டேப் புடிச்சு ஒவ்வொரு பீமோட ரெண்டு முனையிலயும் ரிங் இடைவெளியை அளந்து பாரு.