ஐந்தாண்டு மீசைத் திட்டம்

ஓவியர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று போன வாரம் கைக்கு வந்தது. பெயர், வயது எல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு மூன்றாம் பக்கத்தில் தன் புத்தியைக் காட்டிவிட்டது: ‘அடுத்த ஐந்தாண்டுகளுக்கான உங்கள் தொழில் இலக்குகள். அளவிடக்கூடியவையாக எழுதுக.’ ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து கட்டங்கள். நாமெல்லாம் அதில் என்ன புளுகுவோம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் இலக்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கோபிநத்தம். மைசூரு மாவட்டத்தில் இருந்த எங்களை 1997-இல் சாமராஜநகரோடு சேர்த்தார்கள். கர்நாடகத்தில் இருந்துகொண்டு தமிழ் பேசுகிற ஊர். இதையெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. பெயரைச் சொன்னதும் ஒரே கேள்விதான்: “வீரப்பன் ஊருங்களா? அப்ப அந்த மீசைய வரைஞ்சிருப்பீங்களே?”

அந்தச் சந்தனமரக் கடத்தல்காரன் 2004 அக்டோபரில் போய்ச் சேர்ந்தாயிற்று. மீசை போகவில்லை. ஒகேனக்கல் பாறையை வரைந்தாலும் பரிசலை வரைந்தாலும், பார்க்க வருகிறவர்கள் மூலையில் எங்கேனும் மீசை தென்படுகிறதா என்று குனிந்து தேடுகிறார்கள். சரி, அளவிடக்கூடிய இலக்குதானே வேண்டும்? மீசையை அளக்கலாமே!

முதலாண்டு: கரித்துண்டில் மீசை, முகத்தோடு. இரண்டாம் ஆண்டு: நீர்வண்ணம், மீசை தாடைக்கு ஒழுகாமல் நிற்பதே சாதனை. மூன்றாம் ஆண்டு முகத்தை நீக்கிவிடுவேன். வெறும் மீசை, வெள்ளைத் திரை, விலை மும்மடங்கு. நான்காம் ஆண்டு மீசையும் கிடையாது. அது இருந்த இடம் மட்டும். அதைப் பற்றிப் பேச பெங்களூரிலிருந்து ஒருவர் வருவார், ‘இன்மையின் அரசியல்’ என்று ஒரு மணி நேரம் பேசுவார், டீ கொடுப்பார்கள். ஐந்தாம் ஆண்டு நானே மீசை வளர்த்துக் கூடத்தின் நடுவே உட்கார்ந்துவிடுவேன். நுழைவுக் கட்டணம் உண்டு. இடது பக்கம் நாலு அங்குலம், வலது பக்கம் நாலு அங்குலம். அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதே ஊரில் வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் மாரியம்மன் கோயில் கட்ட முன்னின்றார். 1991-இல் வீரப்பன் அவரைக் கொன்றான். அவர் முகத்தை வரைந்து கொடு என்று இன்றுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இலக்கு வைத்து ஜெயித்த ஓவியர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கரும் கூட்டாளிகளும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுக் காசு சேர்த்து, 1966-இல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். வயிற்றுக்குத் துணி, மனசுக்குத் திரை. ஐந்து கட்டம் எதற்கு, ஒரு வரி போதும். ஆனால் அது கடலோரம். இங்கே பாத்திக் போட்டால் அதிலும் மீசை கேட்பார்கள்.

நேற்று உறவுக்காரர் ஒருவர் வந்திருந்தார். “ஏம்பா, சும்மாதானே இருக்கே, நம்ம கடை போர்டை எழுதிக் கொடேன்” என்றார். காசைப் பற்றிப் பேச்சே இல்லை. “ஓரத்துல சின்னதா ஒரு மீசையும் போட்டுரு, வர்றவங்க நின்னு போட்டோ எடுப்பாங்க.”

விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது: ‘உங்கள் படைப்பால் சமூகம் அடைந்த பயன், 50 சொற்களுக்குள்.’