அண்டா விஞ்ஞானிக்கு ஒரு வார்த்தை

வாடா பேராண்டி. கிருஷ்ணகிரியில இத்தனை மாங்கூழ் ஆலை இருந்தும் ஒருத்தனுக்கும் தோணாத வழி உனக்குத் தோணியிருக்கு. பெங்களூரா பழக்கூழை அண்டாவுல ஊத்தி, புளியங்கட்டையை அடியில திணிச்சு, தண்ணி வத்துற வரைக்கும் கொதிக்க வெக்கப் போறியாமே? பலே! கூழ் சுண்டும், நானும் ஒத்துக்கறேன். கூடவே நிறம் கறுக்கும், அடி பிடிக்கும், வாசனை அக்கம்பக்கத்துக்கெல்லாம் இலவசம். மிச்சத்தை டப்பாவுல அடைச்சு, ரோடு போடுறவனுக்கு வித்துக்கலாம்.

14 பிரிக்ஸ் கூழை, அதாவது நூத்துல 14 பங்கு கரைஞ்ச சர்க்கரைச் சத்து இருக்கற கூழை, 28க்குக் கொண்டாரணும்னா 100 கிலோவுல 50 கிலோ தண்ணி வெளிய போகணும். எத்தனை வண்டி விறகுன்னு கணக்குப் போட்டியா, பட்டதாரி?

ஆலைக்காரன் தீயை ஏத்தல, காத்தை உறிஞ்சிட்டான். ஊட்டியில தண்ணி சுமார் 93 டிகிரியிலயே கொதிக்குது. உசரம் போகப்போக காத்தழுத்தம் குறையுதில்ல, அதான். அவன் மலையேறல; மூடின கலத்துல வாக்குவம் பம்பைப் போட்டான். அழுத்தம் அஞ்சுல ஒரு பங்கா இறங்கினா 60 டிகிரியிலயே தண்ணி ஆவியாகிடும். பழம் வெந்துபோகாது.

இப்படிச் சுண்ட வெக்கறது பால்னா, நெட்டைக் குழாய்களோட உள்சுவத்துல மெல்லிசா வழிய விடுவாங்க. சூடு பட்ட கையோட கீழ வந்துடும். மாங்கூழ் கெட்டி, பம்பு வெச்சுத் தள்ளணும், இல்ல தகடு வெச்சுச் சுரண்டணும். உன்னைப் படிக்க வெச்ச உங்கப்பனுக்கு இந்த நுட்பம் சட்டுனு புரியும்.

சூட்டை மிச்சம் பிடிக்கறதுல பெரிய கஞ்சத்தனம் ஒண்ணு இருக்கு. நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்த நார்பர்ட் ரில்லியூ 1843ல கரும்புச்சாறுக்காகக் காப்புரிமை வாங்கினது. முதல் கலத்துல கிளம்பின ஆவிதான் ரெண்டாவது கலத்துக்கு அடுப்பு. அண்ணன் சட்டை தம்பிக்கு வர்ற மாதிரி. ரெண்டாவதுல அழுத்தம் இன்னும் குறைச்சல், அதனால பழைய சூடே போதும். ஒத்தைக் கலத்துல ஒரு கிலோ நீராவிக்கு ஒரு கிலோ தண்ணிகூட முழுசா போகாது. மூணு கலம் வரிசையா வெச்சா ரெண்டரை கிலோ வரைக்கும் போகும். ஆவியோட ஓடுற வாசனையையும் சில ஆலையில மடக்கிப் பிடிச்சு, குளிர வெச்சு, திரும்பச் சேர்த்துடறாங்க. எமகாதகனுங்க!

இதெல்லாம் வண்டி வண்டியா பழம் வந்து இறங்குற இடத்துக்குத்தான் கட்டுபடியாகும். உன்கிட்ட இருக்கறது பத்துக் கூடை. பழத்தை இன்னிக்கே சந்தைக்கு ஏத்து. காயா இருக்கறத ஊறுகாய் போடு.